கலிஃபோர்னியா காட்டுத்தீயில் வீட்டை இழந்த வெளியூர் உரிமையாளர்களுக்கான சட்ட வழிகள்: முழுமையான வழிகாட்டி

கலிஃபோர்னியாவில் உங்களுக்கு வீடு இருக்கிறது. நீங்கள் வசிப்பதோ வேறு மாநிலத்தில், அல்லது வேறு நாட்டில். அந்த வீடு காட்டுத்தீயில் எரிந்துவிட்டால் என்னென்ன சட்ட வழிகள் உள்ளன, அவற்றை எந்த வரிசையில் எடுக்க வேண்டும் என்பதை மட்டும் இங்கே எழுதுகிறேன். 2025 ஜனவரி 7 அன்று லாஸ் ஏஞ்சலஸ் பகுதியில் மூண்ட பாலிசேட்ஸ், ஈட்டன் தீகளில் 16,000-க்கும் மேற்பட்ட கட்டடங்கள் அழிந்தன. அதன்பின் தெரிந்தவர்கள் சிலருக்குப் படிவங்களை நிரப்பிக் கொடுத்தபோது, தொலைவில் இருப்பவர்கள் மட்டுமே செய்யும் சில தவறுகள் மறுபடி மறுபடி வந்ததைக் கவனித்தேன். நான் வழக்கறிஞர் அல்ல. கீழே வருபவை பொது விதிகள் என்பதால், உங்களுக்குரிய கெடு நாளை கலிஃபோர்னியாவில் உரிமம் பெற்ற வழக்கறிஞரிடம் உறுதிசெய்துகொள்ளுங்கள்.

தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை: பதிவுசெய்யப்பட்ட கிரயப் பத்திரம், காப்பீட்டுப் பாலிசியின் எண், வீட்டுக்கடன் கணக்கு எண், கடைசி சொத்து வரி ரசீது, வாடகைக்கு விட்டிருந்தால் வாடகை ஒப்பந்தம், கடந்த மூன்று ஆண்டுகளின் வருமான வரிப் படிவங்கள். வீடு அறக்கட்டளையின் (குடும்பச் சொத்தை வைத்திருக்கும் டிரஸ்டின்) பெயரில் இருந்தால் அதன் சான்றறிக்கையும் வேண்டும். பத்திரத்தின் பிரதியே எரிந்துபோயிருந்தால் கவுண்டிப் பதிவாளர் அலுவலகத்தில் புதிய பிரதி கிடைக்கும் (கவுண்டி என்பது மாவட்டம் போன்ற நிர்வாகப் பிரிவு). அதற்காக மற்ற வேலைகளை நிறுத்தி வைக்க வேண்டாம்.

1. வீட்டின் நிலையை முதலில் எழுத்தில் தீர்மானியுங்கள்

தீ மூண்ட நாளில் அந்த வீடு எப்படி இருந்தது? வாடகைதாரர் குடியிருந்தாரா, விடுமுறைக்கு மட்டும் நீங்கள் போய்வந்தீர்களா, பெற்றோரோ பிள்ளையோ குடியிருந்தார்களா, அல்லது பூட்டிக் கிடந்ததா? இதற்கான பதிலை ஒரு தாளில் தேதியோடு எழுதி வைத்துக்கொள்ளுங்கள். காப்பீடு, அரசு உதவி, வருமான வரி, வழக்கு ஆகிய நான்கிலும் உங்களுக்கு எந்தக் கதவு திறக்கும் என்பதை இந்த ஒரு பதில்தான் முடிவுசெய்கிறது.

புதியவர்கள் அதிகம் சறுக்குவது இங்கேதான். காப்பீட்டுக்காரரிடம் "நான் அங்கேதான் வசிக்கிறேன்" என்பார்கள், வருமான வரியில் அதே வீட்டுக்கு வாடகை வருமானம் காட்டியிருப்பார்கள், மூன்றாவது படிவத்தில் "இரண்டாவது வீடு" என்று எழுதுவார்கள். மூன்றும் பின்னர் ஒரே கோப்பில் சேரும். முக்கியமான உண்மையை மறைத்தால் பாலிசியையே ரத்துசெய்யக் கலிஃபோர்னியக் காப்பீட்டுச் சட்டம் நிறுவனத்துக்கு உரிமை தருகிறது. உண்மை உங்களுக்குச் சாதகமாக இல்லாவிட்டாலும், எல்லாப் படிவங்களிலும் ஒரே பதிலைத்தான் எழுத வேண்டும்.

2. அஞ்சல் முகவரியை அன்றே மாற்றுங்கள்

கேட்க அற்பமாகத் தோன்றும். ஆனால் நான் பார்த்த ஒரு கோப்பில், கவுண்டியின் இரண்டு அறிவிப்புகளும் காப்பீட்டுக்காரரின் ஒரு கடிதமும் எரிந்துபோன வீட்டின் முகவரிக்கே அனுப்பப்பட்டிருந்தன. அங்கே அஞ்சல் பெட்டி நட்டிருந்த கம்பு மட்டும் நின்றது. உரிமையாளருக்கு அவை வந்து சேர்ந்தபோது பதிலளிக்க வேண்டிய நாள் கடந்து மூன்று வாரம் ஆகியிருந்தது.

அஞ்சல் துறையில் முகவரி மாற்றப் படிவம் தருவது மட்டும் போதாது. சொத்து வரிக்கு மதிப்பு குறிக்கும் அசெசர் அலுவலகம், வரி வசூல் அலுவலகம், காப்பீட்டு நிறுவனம், கடன் கொடுத்த வங்கி ஆகிய ஒவ்வொன்றிலும் தனித்தனியே மாற்ற வேண்டும், ஏனெனில் ஒன்றில் மாற்றியது இன்னொன்றுக்குத் தெரியாது.

3. உங்கள் சார்பில் கையெழுத்திட ஒருவரை நியமியுங்கள்

நேரில் போக முடியாதவருக்கு இதுதான் அடித்தளம். கலிஃபோர்னியாவின் சட்டமுறைப் பவர் பத்திரப் படிவமே போதுமானது. அதில் அதிகாரங்கள் வரிசையாக அச்சிடப்பட்டிருக்கும். நீங்கள் தர விரும்பும் ஒவ்வோர் அதிகாரத்துக்கும் முன்னால் உள்ள கோட்டில் உங்கள் பெயரின் முதலெழுத்துகளை இட வேண்டும். பலர் அங்கே டிக் குறி போட்டு அனுப்பிவிடுகிறார்கள். படிவம் கேட்பது முதலெழுத்து. டிக் குறியைக் காரணம் காட்டி வங்கியும் காப்பீட்டுக்காரரும் திருப்பி அனுப்பினால் இரண்டு வாரம் போய்விடும். குறைந்தது அசையாச் சொத்து, காப்பீடு, வழக்கும் கோரிக்கைகளும், வரி ஆகிய நான்கு வரிகளிலாவது முதலெழுத்து இருக்க வேண்டும்.

வெளிநாட்டில் இருப்பவர்கள் அமெரிக்கத் தூதரகத்தில் நோட்டரி கையெழுத்துப் பெறலாம். இந்தியா போன்ற அப்போஸ்டில் உடன்படிக்கை நாடுகளில் உள்ளூர் நோட்டரியிடம் கையெழுத்திட்டு, அது வெளிநாட்டில் செல்லும்படி அரசு சான்றளிக்கும் அப்போஸ்டில் முத்திரை வாங்கியும் அனுப்பலாம். தூதரகத்தில் நேரம் கிடைக்கத் தாமதமாகலாம் என்பதால், எரிந்த செய்தி வந்த வாரமே இதைத் தொடங்கிவிடுங்கள்.

வீடு அறக்கட்டளையின் பெயரில் இருந்தால் உங்கள் தனிப்பட்ட பவர் பத்திரம் அங்கே செல்லாது. அறங்காவலர் என்ற முறையில் கையெழுத்திட்டு, அறக்கட்டளைச் சான்றறிக்கையை இணைக்க வேண்டும். வீடு இன்னும் இறந்துபோன தந்தை அல்லது தாயின் பெயரிலேயே இருந்தால், யாருக்குக் கையெழுத்திடும் அதிகாரம் என்பதை வாரிசுரிமை நீதிமன்றத்தின் வழியாக முதலில் தீர்க்க வேண்டியிருக்கும். இதற்கு மட்டும் உடனே வழக்கறிஞரை வைத்துக்கொள்வது நல்லது, ஏனெனில் மற்ற எல்லாக் கெடுக்களும் இதற்காகக் காத்திருப்பதில்லை. கூட்டு உரிமையாளர்கள் இருந்தால் எல்லோருடைய கையெழுத்தும் வேண்டும். வருமான வரித்துறையிடம் ஒருவர் உங்களுக்காகப் பேசுவதற்கு 2848 என்ற தனிப் படிவம் உண்டு.

4. பாலிசியின் முழுப் பிரதியைக் கேட்டு வாங்கிப் படியுங்கள்

இழப்பு நேர்ந்த செய்தியைத் தொலைபேசியில் சொன்ன அன்றே மின்னஞ்சலிலும் எழுதுங்கள். அதே மின்னஞ்சலில், பின்னிணைப்புகள் அனைத்தும் சேர்ந்த சான்றிட்ட முழுப் பாலிசிப் பிரதியைக் கேளுங்கள். கேட்ட 30 நாளுக்குள் நிறுவனம் தர வேண்டும். ஆண்டுதோறும் வரும் சுருக்கப் பக்கத்தை வைத்துக்கொண்டு முடிவெடுக்காதீர்கள்.

பிரதி வந்ததும் வெளியூர்க்காரர் முதலில் பார்க்க வேண்டியவை இரண்டு. முதலாவது, பாலிசியின் வகை. உரிமையாளரே குடியிருக்கும் வீட்டுக்கான எச்ஓ-3 பாலிசியை எடுத்துவிட்டுப் பிற்பாடு வாடகைக்கு விட்டவர்கள் ஏராளம். அந்தப் பாலிசியில் "குடியிருப்பு" என்பதன் பொருளே நீங்கள் வசிக்கும் இடம் என்று இருக்கும். வாடகை வீட்டுக்கு உரியது டிபி-3 போன்ற பாலிசி. வகை பொருந்தாமல் இருந்தால், அட்ஜஸ்டரிடம் (கோரிக்கையை ஆராய நிறுவனம் அனுப்புபவர்) பதிவுசெய்யப்படும் வாக்குமூலம் தருவதற்கு முன்பே வழக்கறிஞரைப் பாருங்கள். தந்த பின் பார்ப்பதில் பயன் குறைவு.

இரண்டாவது, காலியாகக் கிடந்த வீடு பற்றிய விதி. கலிஃபோர்னியாவின் நிலையான தீக்காப்பீட்டுப் படிவத்தில், எழுத்தில் வேறுவிதமாக ஒப்புக்கொள்ளாத வரை, தொடர்ந்து 60 நாளுக்கு மேல் காலியாகவோ ஆளில்லாமலோ இருந்த கட்டடத்துக்கு நிறுவனம் பொறுப்பாகாது என்ற வரி உண்டு. பல பாலிசிகள் இதைத் தளர்த்தி, கண்ணாடி உடைப்பு, நாசவேலை ஆகியவற்றுக்கு மட்டும் என்று சுருக்கியிருக்கும். உங்களுடையதில் எது இருக்கிறது என்பது உங்கள் பாலிசியின் வாசகத்தைப் பொறுத்தது. மாதம் ஒருமுறை போய் வந்த பயணச்சீட்டு, தோட்டக்காரருக்குக் கொடுத்த காசோலை, மின்கட்டண ரசீது ஆகியவை இங்கே உதவும்.

நிறுவனத்துக்கும் கெடுக்கள் உண்டு. கோரிக்கையை 15 நாளுக்குள் ஒப்புக்கொள்ள வேண்டும். இழப்புச் சான்று கிடைத்த 40 நாளுக்குள் ஏற்கவோ மறுக்கவோ வேண்டும், இல்லையெனில் 30 நாளுக்கு ஒருமுறை காரணத்தை எழுத்தில் தெரிவிக்க வேண்டும். ஒப்புக்கொண்ட தொகையை 30 நாளுக்குள் தர வேண்டும். முதலில் வருவது பெரும்பாலும் தேய்மானம் கழித்த தொகை. புதிதாகக் கட்டும் செலவு வரை பாலிசி தருமானால், அவசரநிலை அறிவிக்கப்பட்ட தீயில் அந்த மீதியைப் பெற முதல் தொகை வந்த நாளிலிருந்து குறைந்தது 36 மாதம் உங்களுக்கு இருக்கிறது. அதே மனையில்தான் கட்ட வேண்டும் என்பதில்லை; வேறிடத்தில் கட்டலாம், கட்டிய வீட்டை வாங்கவும் செய்யலாம், அதற்காக மனை மதிப்பை நிறுவனம் கழிக்கக் கூடாது. திரும்பி வரும் எண்ணமே இல்லாத வெளியூர்க்காரருக்கு இந்த விதி பெரிய வாய்ப்பு; பலருக்கு இது தெரியவே தெரியாது.

தொகையில் ஒத்துப்போகாவிட்டால், மாநிலக் காப்பீட்டுத் துறையில் புகார் கொடுக்கலாம். அதற்குக் கட்டணமில்லை, வெளியூரிலிருந்தே இணையத்தில் செய்யலாம். மதிப்பீட்டாளர்களை வைத்துத் தீர்க்கும் முறையும் பாலிசியில் உண்டு, ஆனால் அரசு அறிவித்த பேரிடரில் அதை எந்தத் தரப்பும் கட்டாயப்படுத்த முடியாது. நிறுவனத்தின் மீது வழக்குப் போட, அவசரநிலைத் தீயில் குறைந்தது 24 மாதம் உண்டு; நீங்கள் இழப்பைத் தெரிவித்த நாளுக்கும் நிறுவனம் முறையாக மறுத்த நாளுக்கும் இடைப்பட்ட காலம் இதில் சேராது. காசோலையோடு வரும் தாளில் "முழுத் தீர்வு", "விடுவிப்பு" போன்ற சொற்கள் இருந்தால் கையெழுத்திடாமல் கேளுங்கள்.

5. சேதத்தைத் தொலைவிலிருந்தே ஆவணப்படுத்துங்கள்

கால் ஃபயர் என்னும் மாநிலத் தீயணைப்புத் துறையின் சேத ஆய்வு வரைபடத்தில் உங்கள் முகவரியைத் தேடி, அந்தப் பக்கத்தைத் தேதி தெரியும்படி சேமியுங்கள். அதில் 50 விழுக்காட்டுக்கு மேல் சேதமானால் "அழிந்தது" என்றும், 26 முதல் 50 வரை "பெரும் சேதம்" என்றும் குறிப்பார்கள். அந்த ஆய்வாளர் பெரும்பாலும் வெளியிலிருந்து பார்த்தே குறித்திருப்பார் என்பதால், "லேசான பாதிப்பு" என்று வந்தாலும் உள்ளே புகையும் கரியும் இல்லை என்று அதற்குப் பொருளில்லை. நிற்கிற வீட்டின் உரிமையாளர் தாமே ஒரு தொழில்சார் ஆய்வாளரை அனுப்பிச் சாம்பல் மாதிரிகளைச் சோதிக்கச் சொல்ல வேண்டும்.

எரிவதற்கு முன் வீடு எப்படி இருந்தது என்பதைக் காட்டத்தான் வெளியூர்க்காரர் திணறுவார். வாடகை விளம்பரத்துக்கு எடுத்த படங்கள், வாங்கியபோது செய்த மதிப்பீட்டு அறிக்கை, கூகுள் தெருக்காட்சியின் பழைய ஆண்டுப் படங்கள், வாடகைதாரரின் கைபேசி என்று தேடுங்கள். வாடகைதாரரின் பொருள்கள் அவருடையவை. உங்கள் பட்டியலில் அடுப்பு, குளிர்பெட்டி, துணி துவைக்கும் இயந்திரம் என நீங்கள் வாங்கி வைத்தவை மட்டும் இருக்கட்டும்.

6. இடிபாடு அகற்றலுக்கு அனுமதி கொடுங்கள்

அரசு இடிபாடுகளை அகற்ற, உரிமையாளர் உள்நுழைவு அனுமதிப் படிவத்தில் கையெழுத்திட வேண்டும். லாஸ் ஏஞ்சலஸில் 2025 தீகளுக்கு இதற்கான கெடு முதலில் மார்ச் 31 ஆக இருந்து, ஏப்ரல் 15 வரை நீட்டிக்கப்பட்டது. வெளியூர்க்காரர் முதலில் தவறவிடுவது இதைத்தான், காரணம் இரண்டாவது பகுதியில் சொன்ன அஞ்சல். படிவம் தராமலும் சொந்தமாக ஒப்பந்ததாரரை வைக்காமலும் விட்டால், கவுண்டி அதைப் பொதுத்தொல்லையாக அறிவித்துத் தானே அகற்றி, செலவை உங்கள் சொத்தின் மேல் கடனாக ஏற்றலாம்.

அரசுப் பணியில் சாம்பல், இடிபாடு, அடித்தளம், மேல்மண்ணின் ஒரு பகுதி ஆகியவை போகும். நீச்சல் குளமும் வண்டிப்பாதையும் பொதுவாகப் போகாது. லாஸ் ஏஞ்சலஸ் பணியின் முடிவில் மண் பரிசோதனை சேர்க்கப்படவில்லை, எனவே அதை நீங்களே செய்துகொள்ள வேண்டும். பாலிசியில் இடிபாட்டுக்கென்று தனித் தொகை இருந்தால் அது அரசுக்குப் போகும். அதனால் அந்தத் தொகையைக் கையில் வாங்கி வேறு செலவுக்குப் போட்டுவிடாதீர்கள்.

ஒரு எச்சரிக்கை: காப்பீட்டு அட்ஜஸ்டர் பார்வையிட்டு, படங்கள் எடுக்கப்பட்ட பிறகே அகற்ற விடுங்கள். மனை சுத்தமான பின் எதையும் நிரூபிப்பது கடினம்.

7. வாடகைதாரரையும் வங்கியையும் கவனியுங்கள்

வீடு முழுதாக அழிந்தால் வாடகை ஒப்பந்தம் சட்டப்படி முடிந்துவிடுகிறது. அதன்பின் வாடகை கேட்க முடியாது. முன்பணத்தை 21 நாளுக்குள் கணக்கோடு திருப்பித் தர வேண்டும். நீங்கள் இழக்கும் வாடகை, பாலிசியின் வாடகை இழப்புப் பிரிவிலிருந்து வர வேண்டியது. வேறு வீடு உங்களிடம் இருந்து அதை வாடகைக்கு விடுவதானால், அவசரநிலைக் காலத்தில் 10 விழுக்காட்டுக்கு மேல் வாடகை ஏற்றுவது குற்றம்.

வீட்டுக்கடன் இருந்தால் கட்டடத்துக்கான காசோலை உங்கள் பெயரிலும் வங்கியின் பெயரிலும் சேர்ந்து வரும். தவணையை நிறுத்தாதீர்கள், தள்ளிவைக்கும் ஏற்பாட்டை எழுத்தில் கேளுங்கள்.

8. சொத்து வரியைக் குறைக்க விண்ணப்பியுங்கள்

சேதம் 10,000 டாலருக்கு மேல் இருந்தால், வரி மதிப்பைக் குறைக்க அசெசரிடம் விண்ணப்பிக்கலாம். சேதம் நேர்ந்த நாளிலிருந்து 12 மாதத்துக்குள் செய்ய வேண்டும். நீங்கள் அங்கே வசித்திருக்க வேண்டும் என்ற நிபந்தனை இதற்கு இல்லை. வாடகை வீட்டுக்கும் பூட்டிக் கிடந்த வீட்டுக்கும் இது பொருந்தும் என்பதால் விடாதீர்கள். முன்பிருந்ததற்கு நிகராகத் திரும்பக் கட்டினால் பழைய வரி மதிப்பும் திரும்பி வரும். ஆளுநர் பேரிடராக அறிவித்த பகுதியானால், ஐந்து ஆண்டுக்குள் அதே கவுண்டியில் ஒத்த சொத்து வாங்கி அந்த மதிப்பை அங்கே மாற்றிக்கொள்ளவும் வழி உண்டு.

9. அரசு உதவியில் எதைக் கேட்கலாம், எதைக் கேட்கக் கூடாது

ஃபெமா என்னும் கூட்டரசுப் பேரிடர் உதவி அமைப்பின் வீட்டுப் பழுதுபார்ப்பு உதவி முதன்மைக் குடியிருப்புக்கு மட்டுமே. வாடகை வீட்டுக்கோ விடுமுறை வீட்டுக்கோ விண்ணப்பித்தால் மறுப்பு வரும். முதன்மை வீடு என்று பொய் சொல்லி வாங்கினால் திருப்பிக் கட்ட வேண்டியதோடு குற்றமும் ஆகும். ஆனால் எஸ்பிஏ என்னும் சிறுதொழில் நிர்வாகம், வாடகைக்கு விட்ட வீட்டைத் தொழிலாகக் கருதிப் பேரிடர்க் கடன் தரலாம். தொழிலுக்கான உச்சவரம்பு 20 லட்சம் டாலர். பெயரைப் பார்த்து "எனக்குத் தொழில் இல்லையே" என்று ஒதுங்கிவிடும் வாடகை வீட்டு உரிமையாளர்கள் நிறைய.

10. தீக்குக் காரணமானவர் மீதான கோரிக்கை

தீயை மூட்டியது மின்கம்பியா, தனிமனிதரின் கவனக்குறைவா என்பதைப் பொறுத்து வழி மாறும். கவனக்குறைவால் தீ பரப்பியவர் உரிமையாளருக்கு இழப்பீடு தர வேண்டும் என்று மாநிலச் சட்டம் சொல்கிறது. மின்நிறுவனத்தின் சாதனம் முக்கியக் காரணமானால், கவனக்குறைவை நிரூபிக்காமலேயே, தனியார் சொத்தைப் பொதுப்பயனுக்காகச் சேதப்படுத்தியதற்குச் சமமாக இழப்பீடு கேட்கலாம். இதற்கு வேர் மாநில அரசியல் சட்டத்தின் முதல் பிரிவு, 19-ஆவது உட்பிரிவு. இந்த வழியில் வென்றால் நியாயமான வழக்கறிஞர் கட்டணமும் கிடைக்கும்.

நீங்கள் வேறு ஊரில் வசிப்பது உங்கள் உரிமையைக் குறைப்பதில்லை, ஒன்றைத் தவிர: தொந்தரவு, அசௌகரியம், வெளியேற்றத்தின் அலைக்கழிப்பு ஆகியவற்றுக்கான தொகை பொதுவாக அங்கே குடியிருந்தவருக்கே. உங்கள் கோரிக்கையில் கட்டடம், வாடகை இழப்பு, மரங்கள், பொருள்கள், காப்பீடு ஈடுகட்டாத மீதி ஆகியவை இருக்கும். மரங்களுக்கு இரட்டிப்பு, மும்மடங்கு தொகை கிடைக்கும் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். மரங்களுக்கு அப்படி மடங்கு இழப்பீடு தரும் சட்டம் கவனக்குறைவால் பரவிய தீக்குப் பொருந்தாது என்று மாநில உச்ச நீதிமன்றம் 2020-இல் தீர்ப்பளித்தது.

அடுத்து, கெடு நாள்கள். அசையாச் சொத்துச் சேதத்துக்கு மூன்று ஆண்டு. ஈட்டன் தீக்கு அது 2028 ஜனவரித் தொடக்கத்தில் முடிகிறது. எதிர்த்தரப்பு நகராட்சி மின்துறை, கவுண்டி போன்ற பொது அமைப்பானால் வழக்குக்கு முன் நிர்வாகக் கோரிக்கை தர வேண்டும்: பொருள்களுக்கு ஆறு மாதம், கட்டடத்துக்கும் நிலத்துக்கும் ஓராண்டு. மேலே சொன்ன அரசியல் சட்ட வழிக்கு இந்த நிபந்தனை இல்லை என்றாலும், இரண்டையும் காப்பாற்றிக்கொள்ள ஆறு மாதத்துக்குள்ளேயே தந்துவிடுவது உத்தமம்.

மூன்று ஆண்டு இருக்கிறதே என்று தூங்கியவர்களுக்கு நடந்ததையும் சொல்ல வேண்டும். கேம்ப் தீ மூண்டது 2018 நவம்பர் 8. அதற்குக் காரணமான மின்நிறுவனம், பசிபிக் கேஸ் அண்ட் எலெக்ட்ரிக், 2019 ஜனவரி 29 அன்று திவால் மனு கொடுத்தது. உடனே வழக்குகள் நின்று, கோரிக்கை தரக் கடைசி நாளாக 2019 அக்டோபர் 21 குறிக்கப்பட்டது. அது டிசம்பர் 31 வரை நீண்டது. மூன்று ஆண்டுக் கணக்கு ஓராண்டும் சில வாரங்களுமாகச் சுருங்கிவிட்டது. அறிவிப்பு அஞ்சலிலும் உள்ளூர்ச் செய்தியிலும் வந்தால், வெளியூர்க்காரர் கண்ணில் அது படுவது கடினம்.

இன்னொரு தவறு, "காப்பீட்டு நிறுவனம் வழக்குப் போட்டுவிட்டது, அதில் நானும் அடக்கம்" என்று எண்ணுவது. நிறுவனம் தான் கொடுத்ததைத் திரும்பப் பெறவே போடுகிறது. உங்களுக்கு எஞ்சிய இழப்பை நீங்கள்தான் கேட்க வேண்டும். சில நேரம் மின்நிறுவனமே நீதிமன்றத்துக்கு வெளியே இழப்பீட்டுத் திட்டம் தொடங்கும். ஈட்டன் தீக்கு எடிசன் நிறுவனம் 2025-இல் அப்படித் தொடங்கியது. விரைவு அதன் நன்மை, ஆனால் தொகையை ஏற்றால் வழக்குரிமையை விட்டுக்கொடுக்க வேண்டும். ஏற்கும் முன், வழக்கறிஞரின் கட்டணம் கழித்தபின் வழக்கில் கையில் எவ்வளவு நிற்கும் என்று கணக்குப் போட்டுப் பாருங்கள்.

11. வருமான வரியைக் கடைசிக்குத் தள்ளாதீர்கள்

பலர் இழப்பைக் கழிக்கலாம் என்று மட்டும் நினைக்கிறார்கள். பல ஆண்டு தேய்மானம் எடுத்த வாடகை வீட்டுக்குக் காப்பீட்டுத் தொகை கணிசமாக வந்தால், கணக்கில் அது இலாபமாகிவிடும். அந்த இலாபத்துக்கு வரியைத் தள்ளிவைக்கக் கூட்டரசு வருமான வரிச் சட்டத்தின் 1033-ஆவது பிரிவு வழி தருகிறது: இலாபம் முதலில் கையில் வந்த வரி ஆண்டு முடிந்து இரண்டு ஆண்டுக்குள் ஒத்த சொத்தை வாங்க வேண்டும். கூட்டரசு அறிவித்த பேரிடரில் முதன்மை வீட்டுக்கு இது நான்கு ஆண்டு. உங்கள் வீடு முதன்மை வீடு அல்ல என்பதால் அந்த நான்கை நம்பிக் காத்திருக்காதீர்கள். காப்பீட்டுத் தொகை முதலில் வந்த நாளை நாள்காட்டியில் குறித்துக்கொள்ளுங்கள், காரணம் அந்த இரண்டு ஆண்டு, காப்பீட்டின் 36 மாதத்துக்கு முன்பே தீர்ந்துவிடக் கூடும்.

12. மனையை விற்பதானால்

புகை அடங்கும் முன்பே வாங்குவோர் அழைப்பார்கள். 2025-இல் குறிப்பிட்ட அஞ்சல் குறியீட்டுப் பகுதிகளில், கேட்காமலே குறைந்த விலைக்குப் பேரம் பேசுவதை ஆளுநர் சில மாதங்களுக்குத் தடைசெய்தார். விற்பதே முடிவென்றால், காப்பீட்டுக் கோரிக்கையும் தீக்குக் காரணமானவர் மீதான கோரிக்கையும் உங்களிடமே இருக்கும் என்று விற்பனை ஒப்பந்தத்தில் தெளிவாக எழுதச் சொல்லுங்கள். அமெரிக்க வரிக் குடியிருப்பாளர் அல்லாதவரானால், வாங்குபவர் பொதுவாக விலையில் 15 விழுக்காட்டைக் கூட்டரசு வரிக்காகப் பிடித்துவைப்பார்; விலக்குக்கு இடமில்லையெனில் மாநிலத்துக்கு 3.33 விழுக்காடும் பிடிப்பார்கள். அந்தப் பணம் வரிப் படிவம் தாக்கல் செய்த பிறகே திரும்பும் என்பதால், புதிய வீட்டுக்கு முன்தொகை கொடுக்கும் தேதியை அதை எண்ணி வைத்துக்கொள்ளாதீர்கள்.